டிவிக்கு அடியில் 11 சென்டிமீட்டர்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் தேக்கு ஷோகேஸ், அப்பா 1998-இல் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தது. அன்றைய கனமான டிவிக்காகப் போட்ட தட்டில், ஒரு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, இப்போது 43 அங்குல 4கே டிவியை நிறுத்தியிருக்கிறோம். அதற்குக் கீழே விசிஆர் வைப்பதற்கென்று கண்ணாடிக் கதவோடு ஒரு ஒடுங்கிய தட்டு. உயரம் சரியாக 11 செ.மீ. விசிஆர் போய், அப்புறம் டிவிடி பிளேயர் வந்து, அதுவும் போய், ரொம்ப நாள் அங்கே கரண்ட் பில்களும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் கிடந்தன.

அந்த இடத்தில் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிச் செய்ய வேண்டும் என்று 2021 தொடக்கத்தில் முடிவு செய்தேன். காரணம், அக்காவின் கல்யாண டிவிடிகள். 2004-இல் திருநெல்வேலியில் நடந்த கல்யாணம், மூன்று டிவிடி. அதில் ஆச்சி இருக்கிறார். 2009-இல் அவர் போய்விட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் பதிவாகி இருப்பது அந்த மூன்று தட்டுகளில் மட்டும்தான். பிளேயர் பழுதான பிறகு அவை பீரோவிலேயே கிடந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. படங்கள், பாட்டுகள், குடும்ப வீடியோக்கள் எல்லாம் ஒரே இடத்தில், டிவியில், ரிமோட்டை எடுத்ததும் வர வேண்டும்.

வீட்டில் இரண்டு நிபந்தனைகள். அப்பா ஹாலில்தான் படுப்பார், அதனால் சத்தம் கூடாது. அம்மா என்னைக் கூப்பிடாமல் தானே போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

இதற்கு முன் நான் ஒரு கேபினெட்டைத் திறந்து ரேம்கூட மாற்றியதில்லை. அதனால் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எந்த பிராசஸர் வாங்குவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வாங்கியது இன்டெல் ஐ3-10100. இப்போது யோசித்தால், மொத்த வேலையிலும் அதுதான் சுலபமான முடிவு. படம் ஓட்டுவதற்கு பிராசஸரின் வேகம் பெரிதாகத் தேவையில்லை. சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் வேலையை அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியே தனியாகச் செய்துவிடும். என் பிராசஸரில் உள்ள யுஎச்டி 630, எச்.264, 10-பிட் எச்இவிசி, விபி9 என்ற மூன்று சுருக்கும் முறைகளையும் தானே பார்த்துக்கொள்கிறது. 4கே படம் ஓடும்போதுகூட பிராசஸர் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஏவி1 என்ற புதிய முறை மட்டும் அதற்கு வராது. இன்டெலில் அது 11-ஆம் தலைமுறையிலிருந்துதான். அந்த ஒரு மாதத்தை மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்ப்பதிலும், மில்லிமீட்டர் கணக்கு போடுவதிலும் செலவழித்திருக்க வேண்டும்.

சின்ன கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டு மினி-ஐடிஎக்ஸ். 17 செ.மீ.க்கு 17 செ.மீ. சதுரம். 2001-இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு, இன்றும் மாறவில்லை. சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்து ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். கடைசியாகப் போன கடையில் இருந்த பெரியவர் சொன்னார்: "மினி-ஐடிஎக்ஸ் எல்லாம் இங்க ஸ்டாக் வைக்க மாட்டோம் தம்பி. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாள்ல வரவழைச்சுத் தர்றேன்." பணத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: "பில்லுல ஒவ்வொரு பொருளோட சீரியல் நம்பரும் எழுதி வாங்கிக்குங்க. வாரண்டின்னு வந்து நின்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க." எட்டு மாதம் கழித்து ஒரு ரேம் போனபோது அந்த பில்தான் புது ரேமை வாங்கித் தந்தது.

எச்410 சிப்செட் போர்டு, 4 ஜிபி ரேம் இரண்டு, 250 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) உள்ளேயே வைத்த 8.5 செ.மீ. உயர கேபினெட். ரேமை ஒரே 8 ஜிபியாக வாங்காமல் இரண்டாக வாங்கச் சொன்னதும் அந்தப் பெரியவர்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டாக இருந்தால் இரு வழியில் போய்வரும். எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டியோடு 34,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: எதையும் கேபினெட்டுக்குள் வைக்கும் முன், போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், அதன் சூட்டைத் தணிக்கும் கூலர், ரேம் மட்டும் பொருத்தி ஓடுகிறதா என்று பார்த்தேன். பவர் சுவிட்ச் இல்லாததால் அதற்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் சுற்றியது, டிவியில் எழுத்து வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்று கேட்டதற்கு என்னால் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கேபினெட்டுக்குள் இறக்கிய பிறகுதான் வரிசை எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. பெரிய கேபினெட்டில் எதையும் எப்போதும் மாட்டலாம். இதில் கை நுழையாது. போர்டின் மூலையில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர் ஒன்று உண்டு. அதை போர்டை இறக்கும் முன்பே மாட்டிவிட வேண்டும். பின்பக்கத் துளைகளுக்கான தகடும் அப்படித்தான். நான் அதை மறந்து, நாலு ஸ்க்ரூவும் முடுக்கி, வயரெல்லாம் கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் தகடு மேசை மேல் பளபளவென்று கிடக்கிறது. அத்தனையும் கழற்றி மறுபடி மாட்டினேன். முன்பக்க சுவிட்சுக்கான பொடி வயர்களை அம்மாவின் புருவ ட்வீசரால் பிடித்துத்தான் செருக முடிந்தது.

அப்புறம் மூடியை மூடினால் மூடவில்லை. பிராசஸரோடு வந்த கூலர் என் ஸ்கேலில் ஏறக்குறைய 47 மி.மீ. இருந்தது. கேபினெட் தாளில் கூலருக்கு 43 மி.மீ. என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்திருக்கிறேன், ஆனால் கூலரின் உயரத்தைத் தேடிப் பார்க்கவில்லை. நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ, 37 மி.மீ. உயரம், தனியாக ஆர்டர் போட்டேன். ஐந்து நாள் காத்திருந்தேன். சின்ன கேபினெட் கட்டுகிறவர்கள் கூலரின் உயரத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் மற்றதை எல்லாம் தேட வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டமாக லிப்ரேஎலெக் போட்டேன். கோடி என்ற மீடியா மென்பொருளை மட்டும் ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட லினக்ஸ் அது. கோடி ஆரம்பத்தில் எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்தது. 2014-இல்தான் இந்தப் பெயர் வந்தது. லிப்ரேஎலெக்கில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் சிஸ்டம் கோப்புகள் எழுத முடியாதபடி பூட்டி வைக்கப்பட்டிருக்கும். படம் ஓடும்போது கரண்ட் போனாலும் சிஸ்டம் கெடுவதில்லை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்சாரம் திரும்பி வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு உண்டு, அதையும் போட்டு வைத்தேன். அம்மா சுவிட்சைத் தேட வேண்டியதில்லை.

இனி எச்டிஎம்ஐ, அதாவது கம்ப்யூட்டரை டிவியோடு இணைக்கும் வழி. போர்டு பெட்டியில் 4கே என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அது பொய்யில்லை. ஆனால் முழு விஷயமும் அதில் இல்லை. என் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் தானாகத் தருவது எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு மட்டும்தான். 2.0 வேண்டுமென்றால் போர்டு செய்கிறவர் அதற்கென்று ஒரு தனி சிப் வைக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகளில் அதை வைப்பதில்லை. 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 தடவைக்கு மேல் திரையைப் புதுப்பிக்க முடியாது. மெனுவில் மேலும் கீழும் போனால் சகதியில் நடப்பது போல இருந்தது.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்றும் அடாப்டர் வாங்கலாம் என்று, பணம் கட்டக் கார்டை எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு இரவு உட்கார்ந்து, என்னிடம் இருக்கும் வீடியோக்கள் என்னென்ன என்று எழுதிப் பார்த்தேன். 4கே-யில் இருப்பதெல்லாம் சினிமா, நொடிக்கு 24 ஃபிரேம். அதை எச்டிஎம்ஐ 1.4 தாராளமாகக் கொண்டுபோகும். வேகமாகப் புதுப்பிக்க வேண்டியவை கல்யாண வீடியோக்களும் டிவி நிகழ்ச்சிகளும். அவை 4கே இல்லை. அதனால் மெனுவை 1080பி, 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். கோடியின் டிஸ்ப்ளே அமைப்பில், வீடியோவுக்குத் தக்கபடி புதுப்பிக்கும் வேகத்தை மாற்றிக்கொள் என்பதை ஆன் செய்து, வைட்லிஸ்ட் என்ற பட்டியலில் 4கே 24, 1080பி 24, 50, 60 ஆகியவற்றை டிக் செய்தேன். அடாப்டருக்கு வேலையே இல்லாமல் போனது. படம் தொடங்கும்போது டிவி ஒரு நொடி கறுத்துவிட்டு மாறும். அவ்வளவுதான்.

இந்த வேக மாற்றத்தின் அருமை, கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் தெரியும். 24 ஃபிரேமை 60 ஹெர்ட்ஸில் காட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையும் வரும். கோபுரத்தை இடமிருந்து வலமாகக் காட்டினால் நொண்டி நொண்டி நகரும். 24-க்கு மாறிய பிறகு வழுக்கிக்கொண்டு போனது. அப்பாவே கவனித்து, "இப்பதான்டா தியேட்டர் மாதிரி இருக்கு" என்றார்.

முதல் வாரம் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தது போல இருந்ததும் இதே ரகம்தான். வெளிச்சத்தை 16 முதல் 235 வரையிலும் குறிக்கலாம், 0 முதல் 255 வரையிலும் குறிக்கலாம். கம்ப்யூட்டர் முதல் அளவில் அனுப்பி, டிவி இரண்டாவதை எதிர்பார்த்தால் கறுப்பு வெளுத்துத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். லைட்டை அணைத்துவிட்டு, அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். அது டிவியின் விளிம்போடு கலந்துவிட்டால் சரி.

எனக்கு மிக அதிகமாக நேரம் எடுத்தது சத்தம். பகலில் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்றே தெரியாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, சீலிங் ஃபேனைக் குறைத்து வைத்த பிறகு, ஒரு 'ம்ம்ம்' கேட்டது. அப்பா முதல் நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், "ராத்திரி வண்டு மாதிரி ஏதோ கேக்குதுப்பா" என்றார். கூலர் ஃபேன்தான் என்று நினைத்தேன். அன்றிரவு தரையில் படுத்து, மெக்கானிக்குகள் இன்ஜினில் வைத்துக் கேட்பது போல நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கேபினெட்டில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டேன். ஃபேன் பக்கம் ஒன்றுமில்லை. வீடியோக்களுக்காக உள்ளே வைத்திருந்த 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு கேபினெட்டின் ரப்பர் காலைத் தாண்டி தேக்குப் பலகைக்குள் இறங்கி, வீணையின் குடம் போல ஷோகேஸ் முழுவதும் ஒலித்தது. கையில் எடுத்துப் பிடித்தால் சத்தம் நின்றுவிட்டது. பலகையில் வைத்தால் திரும்பி வந்தது.

பஞ்சு வைத்தேன், ரப்பர் வாஷர் வைத்தேன். குறைந்தது, போகவில்லை. கடைசியில் ஹார்டு டிஸ்க்கையே ஹாலிலிருந்து வெளியே அனுப்பினேன். உள்ரூமில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் அதை மாட்டி, நெட்வொர்க்கில் பகிர்ந்து, கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டர் வழியாக 15 மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். வைஃபையில் முயன்று பார்க்காமல் இல்லை. பெரிய 4கே கோப்புகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நின்று வந்தன. 4கே புளூ-ரே தட்டுகளின் உச்ச வேகமே நொடிக்கு 150 மெகாபிட்டைத் தாண்டாது, கிகாபிட் கேபிளுக்கு அது ஒரு சுமையே இல்லை. லேப்டாப்பின் பேட்டரி ஹார்டு டிஸ்க்கைக் கரண்ட் கட்டிலிருந்து காப்பாற்றுவது, நான் நினைக்காமலே கிடைத்த லாபம்.

ஃபேன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தூங்குகிறவரை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அது ஏறி இறங்குவதுதான். பயாஸில், 60 டிகிரி வரை ஃபேன் ஒரே மெதுவான வேகத்தில் சுற்றும்படியும், அதற்கு மேல் படிப்படியாக ஏறும்படியும் வைத்தேன். அப்பா அதற்குப் பிறகு வண்டைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் மே மாதம் வந்தது. ஷோகேஸின் கண்ணாடிக் கதவை மூடிவைத்தால் சும்மா இருக்கும்போதே 58 டிகிரி, திறந்து வைத்தால் 44. தூசிக்கும் பல்லிக்கும் பயந்து அம்மா கதவை மூடிக்கொண்டே இருந்தார். கார்ப்பென்டரைக் கூப்பிட்டு, பின்பலகையில் ஃபேனுக்கு நேராக ஒன்றும் மேல் மூலையில் ஒன்றுமாக இரண்டு அங்குல வட்டத் துளைகள் போடச் சொன்னேன். அப்பாவின் ஷோகேஸில் துளை போட அனுமதி வாங்கவே இரண்டு நாள் ஆனது. துளைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை அதில் தூசி அடைக்கும், பிரஷ்ஷால் துடைத்தால் போதும். இப்போது கதவு மூடியிருந்தாலும் 49-ஐத் தாண்டுவதில்லை.

டிவி ரிமோட்டாலேயே கம்ப்யூட்டரையும் இயக்கலாம் என்று நினைத்திருந்தேன். டிவியில் செருகும் ஸ்டிக்குகளில் அப்படித்தானே நடக்கிறது. அது எச்டிஎம்ஐ கேபிளுக்குள் போகும் சிஇசி என்ற தொடர்பு. டெஸ்க்டாப் கிராபிக்ஸில் அது பொதுவாக இருப்பதில்லை, தனி அடாப்டர் வேண்டும். அதனால் யுஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் ஒன்று வாங்கினேன். டிவியின் பவர் பட்டனை அதற்குக் கற்றுக்கொடுக்க முடிந்ததால் அம்மாவுக்கு ஒரே ரிமோட் போதுமானது. ஆனால் அம்மா மூன்று தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் வேலை செய்தது. பேட்டரி மாற்றினேன், ரிமோட்டையே மாற்றினேன், பலனில்லை. காரணம் யுஎஸ்பி 3.0. அந்தப் போர்ட்டுகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும்பும். இன்டெலே 2012-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுத்தாள் வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றி, அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் ஷோகேஸின் முன்பக்கம் கொண்டுவந்து ஒட்டினேன். கேபிள் விலை 90 ரூபாய். அன்றோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

ஓடிடி விஷயத்தில் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். காசு கொடுத்துப் பார்க்கும் தளங்கள் பலவும், காப்புரிமைப் பூட்டின் உயர்ந்த நிலை இல்லாத கம்ப்யூட்டர் பிரவுசர்களுக்குத் தெளிவு குறைந்த படத்தைத்தான் அனுப்பும், லினக்ஸில் இன்னும் மோசம். அதற்கு டிவியில் இருக்கும் ஆப்தான் சரி. வெறும் ஓடிடி பார்ப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டியதே இல்லை. சொந்தமாக வீடியோ சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இன்று வேறு வழி இருக்கிறது. 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்கள் 6 வாட் கணக்கில் ஏவி1 உட்பட எல்லாவற்றையும் ஓட்டுகின்றன. நான் தொடங்கியபோது அவை இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் இந்த வண்டைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குக் கிடைத்திருக்காது.

படங்களை அடுக்குவது சுலபம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர், ஆங்கிலத்தில் பெயர், அடைப்புக்குறிக்குள் வருடம். வருடம் கட்டாயம். ரஜினி நடித்த 1980 படமும் அஜித் நடித்த 2007 படமும் ஒரே பெயரில் இருக்கின்றன. வருடம் இல்லாததால் என் பட்டியலில் போஸ்டர் மாறிப்போய் அம்மா குழம்பினார். தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன், முதலில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. அந்த விஷயத்தில் இன்னும் எனக்கு மனக்குறைதான்.

கடைசியாகத்தான் கல்யாண டிவிடிகளுக்கு வந்தேன். முதல் இரண்டையும் மேக்எம்கேவி என்ற மென்பொருள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தது. மூன்றாவதில்தான் நலங்கு. அதன் ஓரத்தில் எண்ணெய்க் கறை போல ஒரு வளையம். என் டிவிடி டிரைவ் கர்புர்ரென்று சுற்றி, பாதியில் நின்றுவிட்டது. மிருதுவான பனியன் துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அப்படியும் படிக்கவில்லை. ஆபீஸ் நண்பரின் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிரைவ் படித்தது. ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொன்று படிக்கும், இரண்டு மூன்றில் முயலாமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

டிவியில் போட்டதும், அசைகிற எதன் விளிம்பிலும் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தது. ஆச்சி நலங்கு வைத்துவிட்டு அட்சதை தூவுகிறார், அவர் கையே இரண்டாகப் பிளந்தது போல இருந்தது. தட்டு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். கெடவில்லை. அந்தக் காலக் கேமராக்கள் ஒரு ஃபிரேமை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக, இரண்டு வெவ்வேறு கணங்களில் பதிவு செய்யும். நொடிக்கு 25 ஃபிரேம், ஆனால் 50 கணங்கள். குழாய் டிவி அதை அப்படியே காட்டும். இன்றைய டிவிக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓடும் படத்தின் வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் முறையை மாற்றி, 1080பி 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டேன். சீப்புப் பல் மறைந்தது. கை ஒன்றாகச் சேர்ந்து, விரல்கள் விரிந்து, அரிசி பறந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று, "இந்த வளையல் இப்ப அக்காகிட்ட இருக்கு" என்றார்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட சித்தப்பா, 11 மினி-டிவி (MiniDV, பழைய வீடியோ கேமராவில் போடும் சின்ன டேப்) காசெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய 13 ஜிபி வரும், இடம் இருக்கிறது. கேமராவும் ஓடுகிறது. அதோடு இணைக்க ஃபயர்வயர் போர்ட் உள்ள ஒரு பழைய லேப்டாப் வேண்டும். வரும் சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு.